வேர் வளையவில்லையா? புவிச்சார்பசைவுச் சோதனையில் வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

முளைத்த பயறைத் திருப்பி வைத்தால் வேர் கீழே வளையும், தண்டு மேலே நிமிரும். செடி இப்படிப் புவியீர்ப்பின் திசைக்கேற்ப வளைவதுதான் புவிச்சார்பசைவு. பாடப்புத்தகப் படத்தில் ஒருபோதும் தவறாத சோதனை இது. வகுப்பறை மேசையில் அடிக்கடி சொதப்புவதும் இதுதான். புவியீர்ப்பில் கோளாறு வர வழியில்லை. ஆகவே முடிவு பிசகினால், ஒன்று வேரை ஈரமோ வெளிச்சமோ சூடோ வேறு பக்கம் இழுத்திருக்கும். இல்லையென்றால் வேர் வளையும் நிலையிலேயே இருந்திருக்காது. கீழே உள்ள எல்லாச் சோதிப்புகளும் இந்த இரண்டில் எது நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான்.

உங்களுக்குத் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் உங்கள் அமைப்பு கீழே உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பல பிழைகள் இங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அமைப்பு

பச்சைப்பயறு அல்லது தட்டைப்பயறு. 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுதாக வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்தது. அதில் முளைவேர் 1 முதல் 1.5 செ.மீ. நீளத்தில், நேராக இருப்பவற்றை மட்டும் எட்டு எடுங்கள். வேண்டியதைப் போல மூன்று மடங்கு ஊறவைத்தால்தான் இப்படி எட்டு தேறும்.

பழைய சிடி டப்பா ஒன்று. அதற்குள் மூன்று மடிப்பு டிஷ்யூ பேப்பர் அல்லது ஒரு மை ஒற்றும் தாள், அதன் பின்னால் மெல்லிய பஞ்சு. முழுதாக நனைத்து, டப்பாவைச் செங்குத்தாகப் பிடித்து, சொட்டுவது நிற்கும்வரை வடிய விடுங்கள். முளைகளை அடுக்கி மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, விளிம்பில் நிற்க வையுங்கள். முதல் நான்கு மணி நேரம் வேர்நுனிகள் கீழ்நோக்கியே இருக்கட்டும். பிறகு டப்பாவை 90 பாகை திருப்பி, மூடியின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறியும் நேரமும் எழுதி, கருப்புத் துணியால் சுற்றுங்கள்.

28 முதல் 30 டிகிரி அறையில், இரண்டு மூன்று மணி நேரத்தில் நுனியில் வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓர் இரவு கழிந்தால் நுனி ஏறக்குறைய நேர்கீழாக இருக்க வேண்டும். இரண்டாவது டப்பா ஒன்றைத் திருப்பாமல் பக்கத்தில் வையுங்கள். அது இல்லாமல் கீழே உள்ள எந்தச் சோதிப்பும் முடிவு சொல்லாது.

அறிகுறி 1: வேர் வளையவே இல்லை

முதல் கேள்வி: வேர் வளர்ந்ததா? வளைவு என்பதே வளர்ச்சி வேறுபாடுதான். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீளும்போது வேர் வளைகிறது. நீளாத வேர் வளையாது.

தெரிந்துகொள்ள, மெல்லிய நூலில் கருப்பு மை தொட்டு, நுனியிலிருந்து 1 மி.மீ. இடைவெளியில் பத்துக் கோடுகள் போடுங்கள். பேனா முனையால் குத்தாதீர்கள், வேர்நுனி கசங்கிவிடும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல வேரில் நுனியை ஒட்டிய சில கோடுகளுக்கு இடையே மட்டும் இடைவெளி அகன்றிருக்கும். மேலே உள்ளவை போட்டபடியே இருக்கும். வளைவும் அந்த அகன்ற பகுதியில்தான் வரும். முன்னரே நீண்டு முடித்த பகுதி வளையும் என்று காத்திருப்பது வீண்.

*வளரவில்லை என்றால்*

காய்ந்திருக்கலாம். டப்பாவின் மேல் விளிம்புத் தாளை விரலால் தொடுங்கள். விரல் நனையவில்லை என்றால் 5 மி.லி. தண்ணீரை ஊசி போடும் சிரிஞ்சால் மேலிருந்து விடுங்கள்.

மூழ்கியிருக்கலாம். பஞ்சை அழுத்தினால் தண்ணீர் ஓடுகிறதா? வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. கவிழ்த்து வடித்து, புதிய முளைகளை வையுங்கள். மூழ்கிக் கிடந்தவை தேறி வரும் என்று நம்பி ஒரு நாளை இழக்க வேண்டாம்.

குளிராக இருக்கலாம். ஏசி அறையில் இரவெல்லாம் 18 டிகிரியில் இருந்த டப்பாவுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். முளைகளைக் கெடாமல் வைக்க ஃபிரிட்ஜில் போடுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: 4 டிகிரியில் செடி திசையை உணரும், ஆனால் வளையாது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் தண்டைக் குளிரில் படுக்க வைத்து, பின் அறைச் சூட்டில் நிமிர்த்தி வைத்தபோது, குளிரில் இருந்த திசையைக் கணக்கில் வைத்துப் பிறகு வளைந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டுமென்றால் நுனி கீழே இருக்கும்படி வையுங்கள். எடுத்தபின் நான்கு மணி நேரம் அதே நிலையில் விட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

நுனி போயிருக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். நல்ல நுனி வெளிர்மஞ்சளாக, மெழுகுபோல் வழவழப்பாக இருக்கும். பழுப்பாகவோ சப்பையாகவோ இருந்தால் அது முடிந்த வேர். சாமணத்தால் வேரைப் பிடித்து எடுப்பதுதான் வழக்கமான காரணம். பிடிப்பது பருப்பு இதழில் இருக்கட்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் விதையை மாற்றுங்கள். நூறு விதை ஊறவைத்து எண்பதுக்கும் குறைவாக முளைத்தால் அந்தப் பை சமையலுக்கு. விதைக்கடையில் வாங்கியது இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயமேறியிருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது. பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

*வளர்ந்திருக்கிறது, ஆனால் நேராகவே போகிறது என்றால்*

டப்பா மேசையில் படுத்துக் கிடந்ததா? சிரிப்பாக இருக்கலாம், ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தட்டு படுத்திருந்தால் வேருக்குக் கீழே தாள் இருக்கிறது. அது எங்கே வளையும்? தட்டு செங்குத்தாக நிற்க வேண்டும், திருப்புவது அந்தச் செங்குத்துத் தளத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். சுத்தம் செய்ய வந்தவர்கள் டப்பாவைப் படுக்க வைத்திருக்கலாம். இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

விதையே உருண்டுவிட்டதா? தாள் தளர்ந்திருந்தால், திருப்பியதும் பருப்பின் எடையில் முளை சுழன்று வேர் தானாகக் கீழே தொங்கும். பிறகு அது நேராக வளர்வது சரிதான், அது வளைய வேண்டிய தேவையே இல்லை. திருப்பிய ஐந்து நிமிடத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்து, பருப்பின் தழும்பு (விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் அடையாளம்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று கடைசிப் போட்டோவோடு ஒப்பிடுங்கள். தழும்பு இடம் மாறியிருந்தால் காரணம் இதுவே. பருப்பு இதழ் வழியாக ஒரு குண்டூசி, பின்னால் தெர்மோகோல்: தீர்ந்தது.

மூடி நெருக்குகிறதா? தடித்த பஞ்சு வைத்து இறுக்கினால் வேர் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். தட்டைப்பயறின் தடித்த வேரில் இது அதிகம். பஞ்சைப் பாதியாகக் குறையுங்கள்.

மக்காச்சோளமா? சில ரகங்களின் முளைவேர் முழு இருட்டில் கீழே வளையாது. மெரிட் என்ற ரகம் இதற்குப் பெயர்போனது. சிறிது நேரம் சிவப்பு வெளிச்சம் பட்டால்தான் அதன் வேர் கீழே திரும்பும். கருப்புத் துணி சுற்றிய மக்காச்சோளம் மட்டும் அடம்பிடித்து, பயறு ஒழுங்காக வளைந்தால், மக்காச்சோள டப்பாவை மேலிருந்து சீரான வெளிச்சத்தில் பத்து நிமிடம் காட்டிவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தபின், திருப்பாத டப்பாவில் வேர் நேர்கீழாகவும், திருப்பிய டப்பாவில் மூன்று முறை தொடர்ந்து கிடையாகவும் வளர்ந்தால், விதைத்தொகுதியை மாற்றி ஒரே ஒரு முறை செய்யுங்கள். அப்போதும் அப்படியே என்றால் முளைகளோடும் போட்டோக்களோடும் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்குப் போங்கள். அந்த விதைத்தொகுதியைக் கொட்டிவிடாதீர்கள். திசை உணராத பிறழ்வுச் செடிகள் உண்மையிலேயே உண்டு.

அறிகுறி 2: வளைந்தது, ஆனால் வேறு பக்கம்

*எல்லா வேரும் ஒரே பக்கம் போயிருந்தால்* அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது.

ஈரத்தில் தொடங்குங்கள். செங்குத்தாக நின்ற தாளில் தண்ணீர் அடியில் தேங்கி, மேல்பாதி காயும். அப்போது வேர் கீழே போவது ஈர்ப்பாலா ஈரத்தாலா என்று சொல்ல முடியாது. நல்ல முடிவுபோலத் தெரியும் பிழை இது. கண்காட்சி நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க வழி: தாளை ஒன்பது துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மேல்துண்டுக்கும் அடித்துண்டுக்கும் எடை வேறுபாடு கண்ணை உறுத்தினால் ஈரம் சீராக இல்லை. தாளுக்குப் பதில் 1 சதவீத அகர் கூழ் ஊற்றினால் இந்தச் சிக்கலே இல்லை: 100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் கடல்பாசித் தூள், நன்றாகக் கொதிக்க வைத்து 5 மி.மீ. கனத்துக்கு.

காய்ந்த காற்றும் ஈரமான ஒரு பக்கமும் சேர்ந்தால் ஈரம் ஈர்ப்பை வென்றுவிடும். முள்ளங்கி வேரில் ஈரத்தை நோக்கி வளையும்போது நுனிச் செல்களில் உள்ள மாவுமணிகளே கரைந்து குறைகின்றன. செல்லின் அடியில் படிந்து திசை காட்டுவது அந்த மணிகள்தான் என்பதால், வேர் தன் தூக்குக்குண்டைத் தானே கழற்றி வைத்ததுபோல ஆகிவிடுகிறது. சல்லடையில் விதை போட்டுத் தொங்கவிடும் அமைப்பில் வேர் கீழே வந்துவிட்டு மறுபடி சல்லடைக்கே திரும்பினால் காரணம் இதுவே. சுற்றிலும் ஈரத்துணி கட்டினால் கீழேயே இறங்கும்.

அடுத்தது வெளிச்சம். துணியில் இடுக்கு இருக்கிறதா என்று இருட்டறையில் டப்பாவுக்குள் செல்போன் டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். பயறு வேர் வெளிச்சத்தைப் பெரிதாகச் சட்டை செய்யாது. கடுகு வேர் விலகி ஓடும். இடையில் பார்க்க வேண்டியிருந்தால் பச்சை செலோஃபேன் நாலு மடிப்பு சுற்றிய டார்ச் போதும். செடியைத் திருப்புவது பெரும்பாலும் நீல ஒளி.

பிறகு சூடு. டிவி பெட்டி, ரவுட்டர், ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் சூடானால் அந்தப் பக்கத் தாள்தான் முதலில் காயும். கதை மறுபடி ஈரத்துக்கே வந்துவிடும்.

*ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தால்* முளைக்காத விதையை நேரடியாக அடுக்கியிருப்பீர்கள். பயறின் முளைவேர் தழும்புக்கு அருகிலிருந்து வளைந்தேதான் வெளியே வரும். அந்தப் பிறவி வளைவை ஈர்ப்பின் வேலை என்று அளந்தால் கணக்கு தாறுமாறாகும். நேரான வேரோடு தொடங்குங்கள். நான்கு திசையிலும் விதை நடும் பாடப்புத்தகச் சோதனைக்கு மக்காச்சோளமே வசதி, அதன் கூர்முனை எந்தப் பக்கம் என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

*பாதி வளைந்து சாய்வாக நின்றுவிட்டால்*, தட்டு உண்மையில் செங்குத்தா என்று நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். சரி என்றால், நீங்கள் அளப்பது முதன்மை வேர்தானா? மூன்றாம் நான்காம் நாளில் பக்கவேர்கள் கிளம்பிவிடும். அவை சாய்கோணத்தில் வளர்வதே இயல்பு. செங்குத்தாக இறங்காதது பிழையாகாது.

அறிகுறி 3: தண்டு நிமிரவில்லை, அல்லது கீழே வளைகிறது

இருட்டில் வளர்ந்த பயறுத் தண்டின் உச்சி கொக்கிபோல் கவிழ்ந்திருக்கும். மண்ணைத் துளைக்கும்போது குருத்து நசுங்காமல் இருக்க அமைந்த கொக்கி அது. அதைத் ‘தண்டு கீழ்நோக்கி வளைகிறது’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கொக்கிக்குக் கீழே உள்ள தண்டின் கோணத்தை மட்டும் அளங்கள். சில மணி நேரம் வெளிச்சம் காட்டினால் கொக்கி விரிந்துவிடும். வளைவு என்றால் விரியாது.

தண்டு குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் படர்ந்து, கொக்கியும் மிகையாகச் சுருண்டிருந்தால் அலமாரிக்குள் மூக்கை நுழையுங்கள். பழுக்கிற வாழைத்தாரோ மாம்பழமோ இருக்கிறதா? பழுக்கும்போது அவை வெளிவிடும் எத்திலீன் வாயுதான் காரணம். 1901-இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் இருட்டில் வளர்த்த பட்டாணிச் செடிகள் மட்டும் கிடையாக வளர்வதைப் பார்த்து, விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அதே பிழையை இன்று சமையலறை அலமாரியில் செலவில்லாமல் செய்யலாம். பழத்தை அகற்றி, கதவைத் திறந்து காற்றாட விட்டு, புதிய முளைகளோடு தொடங்குங்கள்.

தொட்டிச் செடியைப் படுக்க வைத்த சோதனையில்:

- 15 முதல் 20 செ.மீ. உயரத் தக்காளி நாற்று நன்றாக வேலை செய்யும். படுக்க வைக்கும் முன் மண் கொட்டாதபடி தொட்டியின் வாயைத் துணியால் கட்டுங்கள்.
- அட்டைப்பெட்டி போட்டு மூட வேண்டும். திறந்த வெளியில் படுக்க வைத்தால் மேலே நிமிர்ந்தது வெளிச்சத்துக்காக என்று எவரும் சொல்லலாம்.
- உச்சி மட்டும் நிமிர்ந்து அடித்தண்டு அப்படியே கிடந்தால் அது பிழையில்லை. நீளும் பகுதி மட்டுமே வளையும்.
- செடி வாடியிருந்தால் நிமிராது. முந்தைய நாள் மாலையே தண்ணீர் விடுங்கள்.

நெல், கரும்பு, புல் வகைகள் தனி. அவை கணுவில் மட்டும் வளையும். காற்றில் சாய்ந்த நெல்லின் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கணுவை ஒட்டிய வீங்கிய பகுதியில் அடிப்பக்கம் மட்டும் உப்பி, தண்டு முழங்காலிட்டு எழுவதுபோல மடங்கியிருக்கும், இரண்டு கணுவுக்கு இடைப்பட்ட பகுதி குச்சிபோல் நேராகவே இருக்கும். வெட்டிய புல்தண்டில் சோதனை செய்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், நீங்கள் எடுத்த துண்டில் கணு இருந்ததா என்று பாருங்கள். நடுவில் ஒரு கணு வரும்படி 6 செ.மீ. துண்டு வெட்டி, ஒரு முனையை ஈரமணலில் கிடையாகச் செருகி வையுங்கள். உச்சியிலிருந்து இரண்டாவது மூன்றாவது கணு நல்லது. அடியில் முற்றிய கணு அசையாது.

அறிகுறி 4: கிளினோஸ்டாட்டில் சுற்றியும் வேர் வளைகிறது

கிளினோஸ்டாட் என்பது முளைகள் வைத்த தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் கருவி. சுற்றும்போது எல்லாப் பக்கமும் சமநேரம் கீழே வருவதால் வேருக்கு ஒரு பக்கம் என்று எதுவும் இருக்காது. வேர் ஏறக்குறைய முன்பிருந்த திசையிலேயே போகும். கருவி ஈர்ப்பை நீக்குவதில்லை, எல்லாப் பக்கமும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பங்கீடு சமமாக இல்லாவிட்டால் வளைவு வரும். இந்தத் தலைப்பில் உள்ள பிழைகள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பங்கீட்டில் நேர்பவை.

லேசான கோணலைப் பெரிதுபடுத்த வேண்டாம். சுற்றும் வேர் கம்பிபோல் நேராக இருக்காது, அங்குமிங்கும் நெளியும். எல்லா வேரும் தட்டில் ஒரே திசைக்கு வளைந்திருந்தால் மட்டும் தொடருங்கள்.

*அ. அச்சு கிடையாக இருக்கிறதா?* அச்சின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தட்டு நாணயம்போல் செங்குத்தாக நின்று சுற்ற வேண்டும். மேசையில் படுத்த தட்டு எத்தனை வேகத்தில் சுற்றினாலும் கீழ்ப்பக்கம் கீழ்ப்பக்கமாகவே இருக்கும். இதைத் தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்து செய்தால் ஒப்பீட்டுக்கு அருமையான இரண்டாவது கருவி.

*ஆ. சீராகச் சுற்றுகிறதா?* தட்டை நான்கு காற்பகுதியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் உச்சியைக் கடக்கும் நேரத்தை செல்போன் ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் காற்பகுதிக்கு 15 விநாடி. 14, 15, 15, 16 பரவாயில்லை. 11, 15, 19, 15 என்று வந்தால் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது; மெதுவாகக் கடக்கும் நிலையில் எந்தப் பக்கம் கீழே இருக்கிறதோ அந்தப் பக்கத்தை வேர் ‘கீழ்’ என்று எடுத்துக்கொள்ளும். மோட்டாரைக் கழற்றி, தட்டைக் கையால் சுழற்றிவிட்டு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடியில் வந்து நின்றால், எதிர்ப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். எங்கு விட்டாலும் நிற்கும்வரை நாணயத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

பஞ்சில் தண்ணீர் தளும்பினால் இந்தச் சமன் ஒரு மணி நேரத்தில் குலைந்துவிடும். சுற்றும் தட்டுக்கு அகர் கூழ்தான் சரி.

*இ. வேகம் என்ன?* நிமிடத்துக்கு 1 அல்லது 2 சுற்று. வேகம் கூடினால் மையவிலக்கு விசை தலைகாட்டும். அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கும் வேருக்கு, நிமிடத்துக்கு 2 சுற்றில் அந்த விசை ஈர்ப்பில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 60 சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு. 60 சுற்றில் வேர்கள் எல்லாம் சக்கரத்தின் வெளிவிளிம்பை நோக்கித் திரும்பியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் ஓடைத் தண்ணீரால் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி இதைத்தான் காட்டினார்: வேர் வெளியே, தண்டு உள்ளே.

சுவர்க்கடிகாரத்தின் நிமிட முள்ளில் தட்டு ஒட்டுவது பலர் கையாளும் வழி. மணிக்கு ஒரு சுற்று என்பது பயறு வேருக்கு மிக மெதுவு. ஒவ்வொரு பக்கமும் கால் மணி நேரம் கீழே இருக்கிறது, வேர் திசை உணர்ந்துகொள்ள அது தாராளம். வேர் பாம்புபோல் நெளியும். விநாடி முள்ளில் ஒட்டினால் வேகம் சரி, ஆனால் சில கிராமுக்கு மேல் அந்த இயந்திரம் தாங்காது.

*ஈ. நடுவில் நின்றதா?* இரவில் அரை மணி மின்தடை போதும், அன்றைய உழைப்பு வீண். மின்சாரம் போனால் நேரத்தை மறந்துவிடும் டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை அதே பிளக்கில் போட்டு வையுங்கள். காலையில் அது தவறான நேரம் காட்டினால் காரணம் தெரிந்துவிட்டது. இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

*உ. மோட்டார்.* பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கியர் மோட்டாரை வோல்டேஜ் குறைத்து மெதுவாக்கினால் திக்கித் திக்கித்தான் ஓடும். முதலிலேயே குறைந்த சுற்று உள்ள கியர் மோட்டாராக வாங்குவது மேல். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் சீராக ஓடும். நிமிடத்துக்கு 5 சுற்று அளவில் இருக்கும், அதுவும் ஒத்துக்கொள்ளத்தக்கதே. ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது, சோதனைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இவற்றில் பல 230 வோல்ட் நேரடி மின்சாரத்தில் ஓடுபவை. ஈரமான தட்டும் வீட்டு மின்சாரமும் ஒரே பலகையில் இருப்பதால், இணைப்பை மின்பணியாளர் செய்து தரட்டும். தட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவரை அழையுங்கள். கியர் கடகடத்தால் பழுது பார்க்கத் தேவையில்லை, மோட்டாரையே மாற்றுங்கள்.

அறிகுறி 5: வேர்நுனியை வெட்டியும் வளைகிறது, அல்லது வெட்டியதும் வளர்ச்சியே நின்றுவிட்டது

திசையை உணர்வது வேர்மூடி, அதாவது வேர்நுனியைப் போர்த்தியிருக்கும் உறை. வளைவது அதற்குச் சில மி.மீ. பின்னால். மூடியை மட்டும் எடுத்தால் வேர் நீளும், ஆனால் வளையாது. பயறில் இதைச் செய்ய முயல்வதே பாதிப் பிழை. மக்காச்சோளத்தில் மூடி தனித் தொப்பிபோல் தெரியும். கூரான சாமணத்தால் லேசாக நெருக்கி இழுத்தால் கழன்று வரும். 2 செ.மீ. நீள வேர், கைலென்ஸ், புதிய பிளேடு.

வளர்ச்சி நின்றது என்றால் அதிகம் வெட்டிவிட்டீர்கள். அரை மி.மீ. போதும், 1 மி.மீ.க்கு மேல் போனால் செல் பிரியும் பகுதியே போய்விடும். மைக்கோடு போட்டு நீளம் கூடுகிறதா என்று பார்த்தபிறகே ‘வளையவில்லை’ என்று எழுதுங்கள். வளராத வேர் வளையாதது எதையும் நிரூபிக்காது.

வெட்டியும் வளைகிறது என்றால், ஒன்று மூடி முழுதாக வரவில்லை, இல்லையென்றால் தாமதமாகப் பார்த்திருக்கிறீர்கள். மூடி ஒன்றரை நாளுக்குள் மறுபடி வளர்ந்துவிடும், உணர்வு அதற்கு முன்பே திரும்பும். வெட்டிய ஆறு மணி நேரத்துக்குள் அளவெடுத்து முடியுங்கள். ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருந்தால் மூடி மிஞ்சிய பக்கமே வேர் வளையும்; அதை ஈர்ப்பு என்று எண்ண வேண்டாம். இதற்கு மருந்து எண்ணிக்கைதான்: வெட்டியவை பத்து, வெட்டாமல் அதேபோல் கையாண்டவை பத்து.

அறிகுறி 6: நுண்ணோக்கியில் மாவுமணிகள் அடியில் தெரியவில்லை

*எங்கும் மணிகள் சிதறிக் கிடக்கின்றன.* வெட்டும்போது வேரைப் பிடித்துக்கொள்ள உருளைக்கிழங்குத் துண்டைப் பயன்படுத்தினீர்களா? நீங்கள் பார்ப்பது உருளைக்கிழங்கு மாவு. நெட்டி அல்லது கேரட்டுக்கு மாறுங்கள். இன்னும் எளிது, வெட்டாமலே பார்க்கக்கூடிய மெல்லிய வேர்: ராகி அல்லது கடுகு.

*மணிகள் செல்லுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு பக்கமாகச் சேரவில்லை.* கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்துச் சாயம் போட்டு, மூடுகண்ணாடி ஒட்டி, ஃபோகஸ் செய்வதற்குள் மணிகள் நகர்ந்துவிட்டன. அவை புதிய அடிப்பக்கத்துக்கு வரச் சில நிமிடமே பிடிக்கும். முளையை நின்ற நிலையிலேயே 70 சதவீத ஆல்கஹாலில் இறக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். செல்கள் இறந்து மணிகள் இருந்த இடத்தில் தங்கும். எடுக்கும்போது எது கீழ்ப்பக்கம் என்று வேரின் மேற்பகுதியில் மைப்புள்ளி வைக்க மறக்காதீர்கள்.

*எல்லாம் ஒரே கருப்பு.* மாவுமணிகளுக்கு நிறமேற்றும் அயோடின் கூடிவிட்டது. மருந்துக்கடைப் போவிடோன் அயோடின் கரைசலே போதும், பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஒரு நிமிடம், பிறகு அலசல்.

*நிறமே ஏறவில்லை.* வேர்மூடி கழன்று போயிருக்கும், அல்லது காய்ந்து தவித்த வேராக இருக்கும். புதிய வேரோடு ஒருமுறை செய்துபாருங்கள். அரிசிக் கஞ்சித் துளியில் அதே அயோடின் நீலமாகிறதா என்றும் பாருங்கள். ஆகவில்லை என்றால் கரைசல் பழையது. கஞ்சி நீலமாகியும் வேர் ஏறவில்லை என்றால், மெழுகில் பதித்து வெட்டும் வசதி உள்ள ஆய்வகத்தில் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 7: நாற்றம், பூஞ்சை, பழுப்பு வேர்

புளித்த நாற்றம் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வெள்ளைப் பஞ்சுபோல் இழை என்றால், முதலில் அது வேர்த்தூவிதானா என்று பாருங்கள்: தூவி வேரைச் சுற்றி நேர்த்தியாக, நுனியில் சிறிது இடம் விட்டு நிற்கும், தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல முளைகளைப் பூஞ்சை என்று குப்பையில் போட்டவர்கள் நிறைய. பருப்பின் மேலும் தாளின் மேலும் படர்ந்தால்தான் பூஞ்சை. அப்போது டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த விதைத்தொகுதியை ஊறவைக்கும் முன் வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்த கரைசலில் ஐந்து நிமிடம் போட்டு, நான்கு முறை அலசுங்கள். அலசல் குறைந்தால் வேர்நுனி பழுப்பாகும், நீங்கள் மறுபடி முதல் அறிகுறிக்கு வந்து நிற்பீர்கள்.